சுளகில் பன்னிரண்டு கணினிகள்

பதினாறு வருடங்களாக நான் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குப் பணிசெயல் முறைமை என்றால் என்ன என்று படிப்பித்து வந்தேன். வன்பொருளுக்கும் மனிதருக்கும் நடுவில் நின்று கணினியின் வேலைகளையெல்லாம் ஒழுங்குபடுத்துகிற மென்பொருள் அது என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பரீட்சையில் அதையே திருப்பி எழுதிப் புள்ளி வாங்குவார்கள். ஆனால் அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு கணினியிலேனும் அதை என் கையால் நிறுவியதில்லை. பாடசாலைக்கு வந்த கணினிகள் எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொண்டுதான் வந்தன. பழுதானால் ரவுணிலிருந்து ஒருவர் வருவார். கதவைச் சாத்திவிட்டு இருந்து திருத்துவார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் என்ன செய்கிறார் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவனே கேட்கக்கூடிய கேள்வியா அது?

எங்கள் பாடசாலை உரும்பிராய்ப் பக்கம், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் மேசைகள் வரிசையாக இருந்தாலும் உயிரோடு இருந்த கணினிகள் மூன்றே மூன்று. மற்றவற்றின் திரைகள் மட்டும் நல்லாக இருந்தன. இப்படி இருக்கையில் ஒருநாள் முதலாம் பாடவேளையிலேயே, நாங்கள் எல்லாரும் ரீச்சர் என்று கூப்பிடுகிற எங்கள் அதிபர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய மேசையில் ஒரு பெட்டி திறந்தபடி இருந்தது.

"சேர், எங்கடை பழைய மாணவி ஒராள் வெளிநாட்டிலையிருந்து அனுப்பியிருக்கிறா. கொம்பியூட்டராம். பன்னிரண்டு" என்றார் அதிபர்.

நான் பெட்டிக்குள் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் கூடுகள் பன்னிரண்டு கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பச்சைப் பலகை. கைத்தொலைபேசிக்குள் இருக்கிற அதே வகைச் சில்லுத்தான் இதற்குள்ளும். பழைய திரைகளோடு பொருத்துவதற்கான மாற்றிகளும் புது மெமரி கார்ட்டுகளும் இருந்தன. ஒரு கடிதமும் இருந்தது. அதில், பலகைகளுக்குள் ஒன்றும் இல்லை, லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை ஒரு சிறிய மெமரி கார்ட்டில் எழுதிச் செருகவேண்டும், அதை உங்கள் ஆசிரியர் இலகுவாகச் செய்துகொள்வார் என்று எழுதியிருந்தது.

அதிபர் அந்தக் கடைசி வரியை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். பிறகு, "விஜயதசமிக்கு இன்னும் மூண்டு கிழமை இருக்கு. ஏடு தொடக்கிற நாளிலையே பிள்ளையள் இதிலை தொடங்கினால் வடிவாயிருக்கும். ஏலுமோ சேர்?" என்று கேட்டார்.

"ஓம், ஏலும்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

வீட்டுக்குப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். என் மனைவி பின்வளவில் இருந்தாள். தோட்டம் அவளுடைய பொறுப்பு. நான் பாடசாலைக்குப் போகிற நேரம் அவள் கத்தரிக்குத் தண்ணி கட்டி முடித்திருப்பாள். எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லுவாள். அன்றைக்கும் நான் சொன்னதெல்லாம் கேட்டாள்.

"அப்ப நீங்கள் இவ்வளவு காலமும் ஒண்டிலையும் போட்டுப் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப என்னத்தைப் படிப்பிச்சனீங்கள்?"

"வரைவிலக்கணம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம் பாதியாகக் குறைந்தது அப்போதுதான். "சரி, சமைக்கத் தெரியாமலே கல்யாணம் கட்டி வந்தனான். பேந்து பழகேல்லையோ? வாங்கோ, முதல் என்ன செய்யவேணும் எண்டு பாப்பம்" என்றாள்.

முதல் செய்யவேண்டியது இமேஜ் கோப்பை இறக்குவது. ஒரு முழுப் பணிசெயல் முறைமையை அப்படியே ஒரே கோப்பாக மடித்து வைத்திருப்பதைத்தான் இமேஜ் என்கிறார்கள். பெரிய கோப்பு. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும், பிறகு அதுவும் போகும். பாதி இறங்க முன்னமே நின்றுவிடும். இரண்டு நாள் அப்படிப் போனது.

மூன்றாம் நாள் காலை அவள் சொன்னாள்: "கிணத்தடிக்கு வாங்கோ. அங்கை நிண்டுதான் நான் தங்கச்சியோடை வீடியோவிலை கதைக்கிறனான். ஒருநாளும் அறுந்ததில்லை."

சனிக்கிழமை. தோட்டத்துக் கிணற்றடியில் இறைப்பு மெசின் கொட்டிலுக்குள் மடிக்கணினியை வைத்தேன். அதற்கு இணைப்புத் தருகிற கைத்தொலைபேசியைக் கொட்டிலின் தகரத்து மேல், ஒரு வாழைத்தடலுக்கு அடியில் வைத்தேன், வெயில் படாமல். மெசின் ஓட, வாய்க்காலில் தண்ணி ஓட, திரையில் அந்தப் பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அவள் ஒரு பாத்தி நிரம்பினால் மறித்து அடுத்ததைத் திறப்பாள். இடையிடையே அங்கிருந்தே கேட்பாள்.

"எவ்வளவு?"

"நாப்பது வீதம்."

"நான் பாதி கட்டியிட்டன்."

அவள்தான் முதலில் முடித்தாள். கை காலைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். கோப்பு முழுதாக இறங்கியபோது இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் அது போதாது என்று அந்த இணையப் பக்கத்தில் எழுதியிருந்தது. கோப்பு வழியில் சிதையாமல் வந்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டுமாம். அவர்கள் ஒரு நீண்ட எழுத்துத் தொடர் தந்திருந்தார்கள், அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்தது. எங்கள் கோப்பைக் கணினி கணக்குப் பார்த்து அதே தொடரைத் தரவேண்டும். கணினியே இரண்டையும் ஒப்பிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதனால் அவள் கைத்தொலைபேசியிலிருந்து வாசிக்க நான் மடிக்கணினியில் பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

அவள் முதல் எழுத்தைச் சொன்னாள்.

"இல்லை" என்றேன்.

"வடிவாப் பாருங்கோ."

"வடிவாத்தான் பாக்கிறன். என்னட்டை ஏழு கிடக்கு."

மேலே வாசிக்க வாசிக்கவும் பொருந்தவில்லை. கோப்பு எங்கேயோ உடைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கிணற்றடி. அன்றைக்குத் தண்ணி கட்ட வேண்டிய தேவை இல்லாதபோதும் அவள் வந்து என்னோடு இருந்தாள். பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டாம் தரம் இறங்கிய கோப்பை எடுத்து, அவள் எழுத்தெழுத்தாக வாசிக்க, நான் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" சொன்னேன். கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்வதைப்போல இருந்தது. நாற்பதாவது எழுத்துக்குப் பிறகு இரண்டு பேருடைய குரலும் உயர்ந்துவிட்டது. அறுபத்து நான்காவதும் "ஓம்" என்றதும் அவள் கைத்தொலைபேசியை மடியில் வைத்து இரண்டு கையையும் தட்டினாள். பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பின்னேரம் வீட்டில் முதல் கார்ட்டைப் போட்டு எழுதத் தொடங்கினேன். எழுதுகிற மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: இதில் உள்ள எல்லாம் அழியும், சம்மதமா? கார்ட்டில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தவறுதலாக மடிக்கணினியையே அழித்துவிடுவேனோ என்று பயம். பெயரைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், கார்ட்டைக் கழற்றினேன், திரும்பச் செருகினேன். விரலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தேன்.

"உது கார்ட்டுத்தானே?" என்றாள் மனைவி.

"ஓம்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

அவள் கையை நீட்டி அழுத்திவிட்டாள்.

எழுதி முடிந்ததும் பலகையை எங்கள் ரீவியோடு பொருத்தினேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தா. அவவின் வீட்டு ரீவி பழுதான நாள்முதல் பின்னேரத் தொடரை எங்கள் வீட்டில்தான் பார்ப்பா. நான் கைத்தொலைபேசிச் சார்ஜரைச் செருகினேன். பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு, விட்டு விட்டு மின்னியது. பச்சை மின்னினால் கார்ட்டை வாசிக்கிறது என்று அர்த்தம். ரீவித் திரை கறுத்தது. பிறகு வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடத் தொடங்கின.

"ஐயோ, ரீவியைப் பழுதாக்கிப் போட்டியளே தம்பி" என்றா அக்கா.

"இல்லை அக்கா, பொறுங்கோ. அது எழும்புது."

ஓடிய வரிகளில் பாதி எனக்கே விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பச்சையில் சரி என்று வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒன்று தயாராகி அடுத்ததைக் கூப்பிடுவதும், அது தயாராகி அதற்கடுத்ததைக் கூப்பிடுவதும் என் கண் முன்னாலேயே நடந்தது. வன்பொருளுக்கும் மனிதருக்கும் நடுவில் என்று பதினாறு வருடம் எழுதினேனே, அந்த நடு இதுதான். பிறகு வரிகள் நின்று, நீல நிறத்தில் ஒரு முகப்பு விரிந்து, மூலையில் நேரம் தெரிந்தது.

மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். திரும்ப எழும்பியபோது பட்டியல் முழுதும் தமிழில் வந்தது. மனைவி விசைப்பலகையைத் தன் மடிக்கு எடுத்தாள். எந்த விசையில் எந்த எழுத்து இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பத்து நிமிடம் செலவழித்து ஒரு வரி எழுதினாள்: தேத்தண்ணி வேணுமோ?

நான் விசைப்பலகையை வாங்கி, ஓம் என்று எழுதினேன்.

"எனக்கும் எண்டு எழுதுங்கோ" என்றா அக்கா.

அன்றைக்கு அக்கா தொடரைத் தவறவிட்டா.

அடுத்த நாள் பாடசாலையில் கார்ட்டுகளை ஒவ்வொன்றாக எழுதிப் பலகைகளில் செருகிப் பார்க்கத் தொடங்கினேன். எழும்பிய பலகைகள் எழும்பிய வேகத்தில் விழுந்தன. திரையின் மேல் மூலையில் ஒரு சின்ன மின்னல் குறி தோன்றும், முகப்பு வரும், எதையாவது திறந்தால் அப்படியே நின்று திரும்பத் தொடக்கத்திலிருந்து ஓடும். இமேஜ் பிழையோ என்று திரும்ப எழுதினேன். கார்ட்டை மாற்றினேன். மின்னல் போகவில்லை.

குருநகரில் எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். மீன்பிடி வள்ளங்களில் பூட்டுகிற திசைகாட்டி, மீன் தேடுகிற கருவி எல்லாவற்றையும் திருத்துவது அவனுடைய தொழில். கடலுக்குப் போகிறவர்கள் விடிய வந்து வாசலில் நிற்பார்கள் என்பதால் மத்தியானத்துக்குப் பிறகு போனேன். அவனுடைய சின்னக் கடையில் உப்புப் பிடித்த கருவிகள் தட்டு முழுதும் கிடந்தன.

பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது சின்னனாயிருக்கு எண்டு நினைச்சு நீ இதுக்குச் சாப்பாடு போடேல்லை மச்சான்" என்றான்.

"சார்ஜர் போட்டிருக்கிறனே."

"சார்ஜரை விடு. வயரைக் காட்டு."

நான் கொண்டுபோன வயரை வாங்கி, குறட்டால் நடுவில் வெட்டி, தோலை உரித்துக் காட்டினான். உள்ளே செப்புக் கம்பி தலைமயிரைப்போல இரண்டு மூன்று இழைதான் இருந்தது.

"உதுக்குள்ளாலை எவ்வளவு போகும்? சார்ஜரிலை அஞ்சு வோல்ட் இருந்தாலும் பலகைக்கு வந்து சேர முன்னம் குறைஞ்சிடும். மின்னல் குறி எண்டால் பசிக்குது எண்டு சொல்லுறது. இமேஜ் என்ன செய்யும் பாவம்."

வள்ளத்துப் பற்றரியிலிருந்து கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பாவிக்கிற தடித்த வயர் அவனிடம் ஒரு சுருள் இருந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி முனைகளைப் பற்றவைத்தான். மின்சாரம் தருகிற பெரிய பெட்டி இரண்டும் எடுத்து வைத்தான், ஒவ்வொன்றும் ஆறு பலகையைத் தாங்கும் என்று. நான் வயர்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் வயர் முடிந்ததும் பலகையைப் பொருத்திப் பார்த்தோம். மூலையில் மின்னல் இல்லை. அவன் அதில் ஒரு நாட்டுப்படம் திறந்து, குருநகரைத் தேடி, கடற்கரையைப் பெரிதாக்கித் தன்னுடைய கடைக் கூரையைக் கண்டுபிடித்தான். "இஞ்சை பார், என்ரை தகரம்" என்று உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவ பார்த்துவிட்டு, "அந்த ஒழுக்கு ஓட்டை தெரியுதோ?" என்று கேட்டா. அவன் படத்தைச் சின்னதாக்கினான். எனக்கு நண்டுக் கறியும் சோறும் தந்துதான் விட்டார்கள்.

தடித்த வயரோடு எட்டுப் பலகைகள் உடனே எழும்பின. ஒன்றும் விழவில்லை. ஒன்பதாவதில் சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை மின்னவில்லை. திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. பத்தாவதும் அப்படி. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படி. எழும்பிய பலகையின் கார்ட்டைக் கழற்றி இதில் செருகினேன், ஒன்றுமில்லை. வயரை மாற்றினேன், திரையை மாற்றினேன். மூன்று நாள் அந்த நாலோடும் மல்லுக்கட்டினேன். விஜயதசமிக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அதிபர் வாணி விழாவுக்கு அவல், கடலை எல்லாம் யார் யார் கொண்டுவருவது என்று ஒழுங்கு செய்துவிட்டு, "கொம்பியூட்டர் பன்னிரண்டும் சரிதானே சேர்?" என்று போகிற போக்கில் கேட்டார். "கிட்டத்தட்ட" என்றேன்.

பின்னேரம் நாலையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எட்டையும் கொண்டுவந்தேன். மனைவி விறாந்தையில் சாக்கை விரித்து நடுகைக்கு வெங்காயத்தை ஓலைச் சுளகில் அள்ளித் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அழுகினது, சூம்பினது, இனம் மாறினது எல்லாம் ஒதுக்கவேண்டும். நான் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"நாலும் செத்துப்போச்சு எண்டுதான் நினைக்கிறன். ஒரே சாமான், ஒரே கார்ட், ஒரே வயர். எட்டு எழும்புது, நாலு எழும்பேல்லை."

"ஒரே சாமான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"பாரும், ஒரே கூடு, ஒரே அளவு."

"கூடு ஒண்டுதான். தோலை உரிச்சுப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. வெள்ளைக் கூடுகளைத் திறக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் சுளகில் இருந்த வெங்காயத்தைச் சாக்கில் கொட்டினாள். சுளகைத் துடைத்தாள். நான் சின்னத் திருப்புளியால் கூடுகளைத் திறந்து தர, அவள் பலகைகளை ஒவ்வொன்றாகச் சுளகில் அடுக்கினாள், மூன்று வரிசையாக. பிறகு சுளகைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இந்தா, இந்த நாலும் வேறை இனம்" என்றாள்.

சுளகை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னபிறகுதான் எனக்குத் தெரிந்தது. எட்டுப் பலகைகளின் நடுச் சில்லு வெள்ளி மூடியோடு இருந்தது. நாலில் அது வெறும் கறுப்பு. துளைகள், செருகுமிடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த பெயர் வேறு. செய்த கம்பனியே வேறு. அனுப்பியவவுக்கு எட்டுக்கு மேல் ஒரே வகையில் கிடைக்கவில்லைப்போலும், அளவு ஒத்துவந்த வேறொன்றை வாங்கி அதே கூட்டில் போட்டு அனுப்பியிருக்கிறா.

"ஒரு இனத்தின்ரை இமேஜ் மற்ற இனத்துக்குச் சரிவராது" என்றேன் மெதுவாக. அந்த இணையப் பக்கத்தில் முதல் நாளே வாசித்த விஷயம். சாதாரண மேசைக் கணினி தனக்குள் என்னென்ன இருக்கிறதென்று தானே சொல்லும். இந்தச் சின்னப் பலகைகள் சொல்லாது. எது எங்கே இருக்கிறதென்ற விபரத்தை இமேஜ்தான் கொண்டுவரவேண்டும். எட்டுக்கு எழுதிய விபரத்தை நாலுக்குக் கொடுத்தால் அது எதைப் பிடித்து எழும்பும்?

"அப்ப சாகேல்லை" என்றாள் அவள்.

"சாகேல்லை."

"நல்லது. சுளகைத் தாங்கோ, எனக்கு வேலை கிடக்கு."

அந்தப் பொடி எழுத்துப் பெயரைத் தேடி, அதைச் செய்தவர்களின் பக்கத்தைக் கண்டுபிடித்து, மறுநாள் விடிய கிணற்றடியில் இருந்து அதற்குரிய லினக்ஸ் இமேஜை இறக்கினேன். இம்முறை எழுத்துத் தொடரைக் கணினியைக் கொண்டே ஒப்பிடப் பழகியிருந்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "நாங்கள் வாசிச்சுப் பாத்தால் என்ன?" என்றாள். ஆகவே கணினி சரி என்று சொன்ன பிறகும் ஒருதரம் வாசித்தோம்.

நாலும் எழும்பின. முதலாவதில் பச்சை மின்னியதும் நான் எழுந்து முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

இப்போது பன்னிரண்டு கார்ட்டும் தயார். பாடசாலையில் பொருத்தி வைத்தால் போதும். விஜயதசமிக்கு முதல் நாள் காலை மேசைகளில் பலகைகளை வைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் வந்து இருந்ததும் எல்லாம் எழும்பி நிற்கும். கதவைச் சாத்திக்கொண்டு யாரோ செய்ததாகவே அவர்களுக்கும் இருக்கும். நான் அடைந்த சந்தோசத்தில் ஒரு துளிகூட அவர்களுக்குக் கிடையாது. பன்னிரண்டு கார்ட்டையும் எடுத்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். அதிபரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு ஒண்டும் வேலை செய்யாதோ?"

"பிள்ளையள் செய்தால் வேலை செய்யும் ரீச்சர்."

"செய்வினமோ?"

"செய்வினம். நானே செய்திட்டன்."

விஜயதசமி அன்று காலை மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஐயர் அரிசியில் எழுத்துத் தொடக்கினார். அழுகிற சத்தமும் மணிச் சத்தமும் ஆய்வுகூடம்வரை கேட்டது. பத்தாம் தரப் பிள்ளைகள் குங்குமமும் சந்தனமும் பூசிக்கொண்டு வந்து மூன்று மூன்று பேராக மேசைகளில் இருந்தார்கள். என் மனைவியும் அவல் கொண்டுவந்தவள், கதவடியில் நின்றாள்.

நான் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "இவ்வளவு காலமும் நான் உங்களுக்குப் படிப்பிச்சதை நானே செய்து பாத்ததில்லை. போன கிழமைகளிலைதான் செய்தனான். கனக்கப் பிழைச்சுது. இண்டைக்கு நீங்கள் செய்யப் போறியள். பிழைச்சால் பரவாயில்லை" என்றேன்.

பின் வரிசைப் பிள்ளை ஒன்று, "சேர், எத்தினை தரம் பிழைச்சது?" என்று கேட்டது.

"எண்ணேல்லை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

உயிரோடு இருந்த மூன்று பழைய கணினிகளிலும் முறை வைத்துக் கார்ட்டுகளை எழுதினார்கள். எழுத முன்னம் தங்கள் பலகையின் கூட்டைத் திறந்து, எந்த இனம் என்று பார்த்து, அதற்குரிய இமேஜை எடுக்கவேண்டும் என்பது விதி. எல்லாம் அழியும், சம்மதமா என்ற கேள்வி வந்தபோது ஒவ்வொரு குழுவிலும் விரலைப் பின்னுக்கு எடுத்தவர்களைப் பார்த்தேன். யாரோ ஒருவர் கடைசியில் அழுத்தினார்கள். ஒரு குழுவின் கார்ட் எழுதி முடிந்தும் சரிபார்க்கும்போது பிழை காட்டியது. அந்தப் பிள்ளைகள் மூன்றும் தாங்களே வேறொரு கார்ட் கேட்டு வந்து வாங்கிப்போனார்கள். ஏன் என்று கூடக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன் கடைசிக் கார்ட்டும் முடிந்தது. எல்லாரும் செருகிவிட்டுக் காத்திருக்க, நான் மின்சாரப் பெட்டிகள் இரண்டையும் போட்டேன். பன்னிரண்டு மேசையிலும் சிவப்பு எரிந்தது. பிறகு ஒரு பச்சை, இரண்டு, ஐந்து. கடைசி வரிசையில் ஒன்று கொஞ்சம் தயங்கியது. அந்த மேசைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் குனிந்திருந்தார்கள். அதுவும் மின்னியது. திரைகளில் எழுத்துகள் ஓடத் தொடங்க, வகுப்பு முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. கதவடியில் நின்ற என் மனைவி அவல் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எந்த மேசையைப் பார்ப்பதென்று தெரியாமல் நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்ததாக ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் கொடுக்கவேண்டும். வலையமைப்பில் ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்கு. பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டும், இடைவெளி விடக்கூடாது, மற்றும்படி உங்கள் விருப்பம் என்றேன். ஒன்று, இரண்டு என்று இலக்கம் போடுவார்கள் என நினைத்தேன். முதல் மேசையில் ஒரு பிள்ளை மாம்பழத்தின் பெயரை, கறுத்தக்கொழும்பான் என்று எழுதிவிட்டது. அடுத்த மேசை விடுமா? வெள்ளைக்கொழும்பான் வந்தது. அம்பலவி, செம்பாட்டான், விலாட்டு எல்லாம் வந்தன. நாலைந்து மேசைக்குப் பிறகு மாம்பழம் முடிந்துபோக, கதலியும் கப்பலும் வாழைப்பக்கத்திலிருந்து வந்தன. பலா, மாதுளை என்று மற்ற மேசைகளும் எழுதி முடிக்க, கடைசி மேசை மட்டும் பேர் தெரியாமல் நின்றது;, என் மனைவி கிட்டப்போய் ஏதோ சொன்னாள். அவர்கள் எழுதினார்கள். எட்டிப் பார்த்தேன். வெங்காயம்.

அன்று தொடக்கம் எங்கள் ஆய்வுகூடத்தில் யாரும் கணினியைப் பற்றிக் கதைப்பதில்லை. "சேர், செம்பாட்டான் நித்திரையாப் போட்டுது" என்பார்கள். "அம்பலவியிலை சத்தம் வரேல்லை" என்பார்கள். ஒருநாள் அதிபர் வாசலால் போகும்போது, "கறுத்தக்கொழும்பானைத் திரும்ப எழுதவேணும், ஆரோ அதுக்குள்ளை எல்லாத்தையும் குழப்பிப் போட்டினம்" என்று ஒரு பிள்ளை உரக்கச் சொன்னது. அவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சேர், உதிலை ஒண்டு என்ரை அலுவலகத்துக்கும் வைக்க ஏலுமோ?"

"பன்னிரண்டும் பிள்ளையளுக்கு ரீச்சர். இன்னொரு பலகை எடுக்கவேணும்."

"எடுத்தால் பேரை நான்தான் வைப்பன்."

பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். என்ன பெயர் என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் யோசித்தார். அந்த நேரம் மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"பாண்டி" என்றார் அதிபர். "எங்கடை வீட்டு வாசல் மாமரம். புளிக்கும், ஆனால் எல்லா வருசமும் காய்க்கும்."